ஏழாம் எண் பெட்டி: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்திலிருந்து டெல்லியை ஒட்டிய நொய்டாவுக்குக் குடிபெயர்ந்த நான், கடைசிப் பெட்டியையும் பிரித்து, அதிலிருந்த காமிக்ஸ் இதழ்களை அலமாரியில் அடுக்கி முடித்துவிட்டு இம்மடலை எழுத அமர்ந்திருக்கிறேன். புதிய வேலை கிடைத்ததற்காகப் பலரும் என்னை வாழ்த்தினீர்கள். அந்த வாழ்த்தில் பெரும் பகுதி உங்களுக்கே உரியது என்பதால், யார் யாருக்கு எதற்காகக் கடன்பட்டிருக்கிறேன் என்பதை எழுத்தில் வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. உங்களில் ஏறக்குறைய எவருக்கும் காமிக்ஸ் படிக்கும் பழக்கம் இல்லை. ஆனாலும் நான் பித்தாக இருக்கும் ஒரு பொருளை உங்கள் வீட்டுப் பொருளைப் போலக் காத்துக் கொடுத்தீர்கள். அதைத்தான் இங்கே முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன்.

2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகெங்கும் வீடியோ கேம் துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். நான் எட்டு ஆண்டுகள் பணியாற்றிய சென்னை ஸ்டூடியோவிலும் 2024 ஜூன் மாதத்தில் எங்கள் குழு முழுவதும் ஒரே காலையில் கலைக்கப்பட்டது. அதைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. அன்று என்னோடு வெளியேற்றப்பட்ட சக நிரலாளர் ஒருவர், தமக்கே வேலை தேட வேண்டியிருந்த நிலையிலும், ஏழு வாரங்கள் நாள்தோறும் இரவு ஒன்பது மணி முதல் பதினொரு மணி வரை எனக்கு வீடியோ கேம் உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினையும் அதற்கான சி பிளஸ் பிளஸ் நிரல் மொழியையும் கற்றுக்கொடுத்தார் என்பதை மட்டும் எழுதியே ஆக வேண்டும். அதுவரை நான் யூனிட்டி என்ற வேறொரு மென்பொருளில் மட்டுமே வேலை செய்து பழகியவள். யூனிட்டியில் ஓர் அலகு என்பது ஒரு மீட்டர். அன்ரியலில் அதுவே ஒரு சென்டிமீட்டர். முன்னதில் மேல்நோக்கிய அச்சு ஒய், பின்னதில் இசட். இதை மறந்து பழைய எண்களை அப்படியே எடுத்துப் போட்ட என் முதல் மாதிரியில், சுவரைத் தாண்டிக் குதிக்க வேண்டிய கதாநாயகி தரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் எழும்பி நின்றாள். அவர் சிரிக்கவில்லை, "இந்த உயரத்துக்கு எறும்பு கூடத் தாண்டாது, எண்ணை நூறால் பெருக்குங்கள்" என்று மட்டும் சொன்னார். அக்டோபரில் நொய்டா ஸ்டூடியோவின் நேர்முகத் தேர்வில், காமிக்ஸ் பக்கத்தின் ஆறு கட்டங்களைப் போலத் திரை பிரிந்து, ஒரு கட்டத்தில் எறியும் கல் அடுத்த கட்டத்தில் போய் விழும் சிறு விளையாட்டு ஒன்றை என்னால் காட்ட முடிந்ததென்றால், அதற்கு அந்த ஏழு வாரங்களே காரணம். ஐயா, உங்களுக்கும் இப்போது நல்ல வேலை அமைந்துவிட்டது என்பதில் எனக்கு என் வேலையை விடவும் மகிழ்ச்சி.

வேலை உறுதியானதும் எழுந்த முதல் கவலை சம்பளத்தைப் பற்றியோ குளிரைப் பற்றியோ அன்று. வீட்டிலிருந்த ஆயிரத்து நானூறு சொச்சம் காமிக்ஸ் இதழ்களை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தொலைவுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதே அந்தக் கவலை. அவற்றில் ஏறத்தாழ நூற்றிருபது இதழ்கள் மறைந்த என் தந்தை சேர்த்தவை. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியிலிருந்து அவர் சேர்க்கத் தொடங்கியிருந்தார். சாணித்தாளில் அச்சான அந்த இதழ்கள் பழுத்து, மடித்தால் ஒடியும் நிலையில் இருக்கின்றன. யாருக்காவது கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்று கூட ஒரு வாரம் யோசித்தேன்.

அந்த யோசனையை மாற்றியவர், சென்ட்ரலுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் பெரியவர். அவர் காமிக்ஸ் விற்பவரே தவிரப் படிப்பவர் அல்லர். பொறியியல் பாடநூல்களில்தான் அவருக்கு வருமானம். நான் பெட்டி வாங்கப் போயிருந்தேன். அவர் என்னை முக்காலியில் உட்காரவைத்து, ஒரு கட்டு இதழ்களை எடுத்துக் கட்டிக் காட்டினார். புத்தகங்களை நிற்கவைத்து அடுக்காமல் படுக்கவைத்துத்தான் அடுக்க வேண்டும். பின் அடித்த பக்கம் தடித்திருக்கும் என்பதால், ஐந்து இதழ்களுக்கு ஒரு முறை பக்கத்தை மாற்றி வைக்காவிட்டால் கட்டு ஒரு புறமாகச் சாய்ந்து அடியிலுள்ளவை வளைந்துவிடும். ரப்பர் பேண்டு ஆகவே ஆகாது, வெயிலில் உருகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாளில் சுற்றினால் மை ஏறும், பழுப்புத் தாளில்தான் சுற்ற வேண்டும். துருப்பிடித்த பின்களைக் கத்தி முனையால் நெம்பி எடுத்துவிட்டு வெள்ளை நூலால் தைப்பதற்கும் கற்றுக்கொடுத்தார். அன்று அவர் கடையில் வாங்க வந்த மூன்று பேர் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஐயா, அந்த வியாபார நட்டத்தை நான் மறக்கவில்லை.

அவர் சொன்னபடி நானும் என் தாயாரும் ஒன்பது நாட்கள் கட்டினோம். இராமபாணப் பூச்சி அண்டாமல் இருக்க, ஒவ்வொரு பெட்டியின் நான்கு மூலைகளிலும் வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து வைத்தவர் அம்மா. பெட்டிகளின் மேல் நான் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியதோடு நிற்காமல், தடித்த மார்க்கர் பேனாவால் தமிழிலும், "காமிக்ஸ் – 7. மிதிக்க வேண்டாம். ஈரம் ஆகாது" என்று எழுதி, அதன் கீழ் என் கைபேசி எண்ணையும் அவர் போட்டார். ஆந்திரா தாண்டினால் இதைப் படிக்க ஆளில்லை அம்மா என்று நான் கேலி செய்தேன். அந்தக் கேலிக்காக இம்மடலின் மூலம் அவரிடம் மன்னிப்புக் கோருகிறேன். காரணம் பின்னால் வருகிறது.

மடிப்பாக்கத்து வீட்டு உரிமையாளருக்கும் ஒரு வார்த்தை. சென்னையில் பத்து மாத முன்பணம் கொடுத்துக் குடியிருந்தவர்கள், வெள்ளையடிக்க இவ்வளவு, ஆணி அடித்ததற்கு இவ்வளவு என்று கழிவு போக எவ்வளவு திரும்பும் என்பதை அறிவார்கள். நான் சாவியைக் கொடுத்த அன்று மாலையே நீங்கள் முழுத் தொகையையும் வங்கியில் போட்டீர்கள். நொய்டா வீட்டின் முன்பணம் அந்தத் தொகையிலிருந்துதான் போனது.

நவம்பர் 15ஆம் நாள் பதினான்கு பெட்டிகளும் மற்ற சாமான்களோடு லாரியில் ஏறின. நவம்பர் 18 அன்று டெல்லியில் காற்று மாசைக் காட்டும் தரக் குறியீடு மிகக் கடுமையான அளவான 450ஐத் தாண்டியதால், இன்றியமையாப் பொருட்களை ஏற்றியவை, புதிய தர எஞ்சின் கொண்டவை போன்ற சில விலக்குகள் தவிர, சரக்கு லாரிகள் டெல்லிக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. டிசம்பர் 5 வரை அந்தத் தடை நீடித்தது. எங்கள் சாமான்களை ஏற்றிவந்த வண்டி நாகப்பூரிலேயே நிறுத்தப்பட்டு, பொருட்கள் ஒரு குடோனில் இறக்கப்பட்டன. நானும் அம்மாவும் நவம்பர் 29ஆம் நாள் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கிளம்பினோம். மறுநாள் ஃபெஞ்சல் புயலால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டதைப் போபாலை நெருங்கும்போதுதான் அறிந்தோம். விமானமே வேண்டாம், ரயில்தான் என்று பிடிவாதம் பிடித்தவரும் அம்மாதான். நாங்கள் கிளம்பிய இரவு பெய்த மழையில் சென்ட்ரலில் எங்கள் நான்கு பைகளையும் சுமந்து, புத்தகப் பையை மட்டும் தம் துண்டால் போர்த்தி ஏற்றிவிட்ட போர்ட்டர் அண்ணனின் பெயரைக் கேட்காமல் விட்டது எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது.

டிசம்பர் 9ஆம் நாள் திங்கட்கிழமை, நான் அலுவலகத்தில் இருந்தபோது சாமான்கள் வந்தன. இந்தி தெரியாத அம்மாவுக்குத் துணையாக நின்றவர், எதிர் வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எங்களுக்கும் அவருக்கும் அப்போது எட்டு நாள் பழக்கம்தான். இறக்கிய பெட்டிகளை அவர் ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். பதின்மூன்றுதான் இருந்தன. எல்லாம் சரியாக வந்து சேர்ந்தன என்று கையெழுத்துப் போடும்படி வண்டியோடு வந்தவர்கள் அவசரப்படுத்தியபோது, அவர் லாரி ரசீதை வாங்கி, "பதின்மூன்று பெட்டிகள் மட்டுமே வந்தன, ஏழாம் எண் வரவில்லை" என்று இந்தியில் எழுதி, வந்தவரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகே அம்மாவைக் கையெழுத்திட விட்டிருக்கிறார். முப்பது ஆண்டுகள் விடைத்தாள் எண்ணிய பழக்கம் என்று பிறகு என்னிடம் சொன்னார். ஆன்ட்டி, உங்களுக்குத் தமிழ் தெரியாது. இந்த மடலை உங்கள் வீட்டில் உட்கார்ந்து நானே படித்துப் பொருள் சொல்கிறேன். உங்கள் மகன் சிறு வயதில் படித்த சாச்சா சௌத்ரி என்னும் இந்தி காமிக்ஸ் இதழ்களை எனக்குக் கொடுத்து, அவற்றைக் கொண்டே இந்தி சொல்லித்தருவதற்கும் சேர்த்து நன்றி. பால்காரரிடம் நான் காமிக்ஸ் வசனத்தில் பேசுவதாக நீங்கள் சொல்லிச் சிரிப்பதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம்.

ஏழாம் எண் பெட்டியில் இருந்தவை என் தந்தையின் இதழ்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இரண்டு நாட்கள் அழைத்தேன். "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்ற பதிலே வந்தது. மூன்றாம் நாள், டிசம்பர் 11 அன்று பிற்பகல், தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. "ஏனுங்க, நாகப்பூர் குடோன்ல இருந்து பேசறனுங்க. இங்க மூலையில ஒரு பெட்டி கெடக்குது. மேல ஒட்டுன சீட்டெல்லாம் கிழிஞ்சு போச்சு. தமிழ்ல எழுதியிருக்கவும் யாரோ நம்மூர்க்காரங்கதான்னு கூப்பிட்டனுங்க" என்றார் ஒருவர். அவர் சங்ககிரியைச் சேர்ந்த லாரி ஓட்டுநர். சேலத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டைகளை நாகப்பூருக்கு ஏற்றி வந்து, இறக்கிவிட்டு, டெல்லிக்கு வேறு சரக்கு ஏற்றுவதற்காக அந்தக் குடோனில் காத்திருந்தவர். எங்கள் சாமான்களை ஏற்றிய நிறுவனத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பெட்டியை அவரிடம் ஒப்படைக்கக் குடோன் பொறுப்பாளர் முதலில் மறுத்துவிட்டார். அது நியாயமும் கூட. ஆசிரியை இந்தியில் எழுதியிருந்த லாரி ரசீதைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான், அதை வரி வரியாகப் படித்துப் பார்த்துச் சம்மதித்தார். பெயர் தெரியாத அந்தப் பொறுப்பாளருக்கும் என் நன்றி உரியது. ஓட்டுநர் பெட்டியைச் சரக்கோடு போடாமல், கேபினில் தாம் படுக்கும் பலகையின் மேல் வைத்துக்கொண்டு வந்தார். அவரும் மாற்று ஓட்டுநரும் மூன்று நாட்கள் கால் நீட்டாமல் வந்திருக்கிறார்கள் என்பது, சனிக்கிழமை மாலை டெல்லியின் காஜிப்பூர் மண்டி என்னும் மொத்தச் சந்தை அருகே வண்டியைப் பார்த்த பிறகே எனக்குப் புரிந்தது.

நான் நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை. டீ மட்டும் போதும் என்றார். பிறகு சற்றுத் தயங்கி, உள்ளே என்னதான் இருக்கிறது, பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். வண்டியின் படிக்கட்டில் வைத்துக் கயிற்றை அறுத்தோம். வசம்பு வாசனை முதலில் வந்தது. பழுப்புத் தாளை விலக்கியதும் மேலே இருந்த அட்டையைப் பார்த்து, "அட, நம்ம மாயாவி!" என்றார். சங்ககிரியில் சிறு வயதில் அவர் முடி வெட்டிக்கொண்ட சலூனில் பழைய காமிக்ஸ்கள் ஒரு கட்டு கிடக்குமாம். தம் முறை வந்தாலும், கதை முடியும் வரை பின்னால் வந்தவர்களை முன்னால் அனுப்பிக்கொண்டே இருப்பாராம். ஒரு நாள் அப்படியே கடை சாத்தும் நேரம் ஆகிவிட்டதால் முடி வெட்டாமலே வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அடி வாங்கினாராம். காமிக்ஸ் படிக்காதவர்களுக்கே கடன்பட்டிருக்கிறேன் என்று மேலே எழுதினேன் அல்லவா, அதற்கு இவர் ஒருவர்தான் விலக்கு.

அந்தக் கட்டில் இரண்டு பிரதிகள் உள்ள இதழ் ஒன்று இருந்தது. அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி மிகவும் வற்புறுத்திய பிறகே வாங்கினார். வாங்கியதும் உடனே புரட்டாமல், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பின் அடித்த பக்கத்தை உள்ளங்கையில் தாங்கியபடி விரித்தார். அல்லிக்குளத்துப் பெரியவர் எனக்குக் கற்றுக்கொடுத்த பிடி அதுதான். இவருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு நாட்களில், டிசம்பர் 16 அன்று, டெல்லியில் மீண்டும் அதே தடை வந்தது. அதற்குள் அவர் சரக்கை இறக்கிவிட்டுத் தெற்கே திரும்பிவிட்டார் என்று தெரிந்ததும்தான் எனக்கு நிம்மதி.

அண்ணா, மறுபடியும் இப்பக்கம் ஜவ்வரிசியோ வேறெதுவோ ஏற்றி வந்தால், ஒரு வேளை சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. ஏழாம் எண் பெட்டி இப்போது அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. பெட்டியை மட்டும் நான் எறியவில்லை. அம்மாவின் கையெழுத்து வெளியே தெரியும்படி வைத்திருக்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
நொய்டாவிலிருந்து உங்கள் பழைய சென்னைவாசி

பி.கு.: அல்லிக்குளத்துப் பெரியவருக்கு. தேடித் தருவதாகச் சொன்ன அந்த மூன்று இதழ்களையும் நான் மறக்கவில்லை. புதிய முகவரியை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பியிருக்கிறேன். கிடைத்தால் படுக்கவைத்தே கட்டி அனுப்புங்கள்.