தடை எடுத்த பிறகுதான் வேலை

சிட்னி
06.12.2020

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா என்று எழுதுங்கள். அங்கே தண்ணித் தடை எப்படி, ஊற்றிலிருந்து லயத்து வரிசை வீடுகளுக்கு வரும் நம் பைப் லைனை வறட்சி முடிந்ததும் எப்படித் திறப்பது என்று போனில் நீங்கள் கேட்டதற்குப் பாதிப் பதில்தான் வந்து சேர்ந்திருக்கும். அந்த மேட்டில் சிக்னல் நிற்பதே இல்லையே. மீதியை எழுதுகிறேன். லயத்துத் தண்ணி லைனைப் பார்க்கிற பொடியன்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இந்த மாசம் முதலாம் திகதி சிட்னியில் தண்ணித் தடையை எடுத்துவிட்டார்கள். 2019 ஜூன் 1இல் முதல் கட்டம் வந்தது, டிசம்பர் 10இல் இரண்டாம் கட்டம். இரண்டாம் கட்டத்தில் தோட்டத்துக்கு ஹோஸ் பிடிக்க முடியாது. கையால் ஊற்றுவதென்றால் வாளி, பூவாளி மட்டும்தான். அதுவும் காலை 10 மணிக்கு முன், இல்லாவிட்டால் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு. கார் கழுவ ஒரு வாளியும் ஸ்பொஞ்சும். மீறினால் 220 டொலர் தண்டம். வீட்டுக்குள் சமைக்க, குளிக்க அளவு எதுவும் வைக்கவில்லை, ஒரு நாளும் குழாய் நிற்கவும் இல்லை. இதையும் தடை என்கிறார்களே என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

2020 பெப்ரவரி மழையில், பாதிக்கும் கீழே கிடந்த, சிட்னிக்குத் தண்ணி தரும் வரகம்பா அணை சில நாட்களிலேயே முக்காலுக்கு மேல் ஏறியது. அதற்கு முந்தின மாதங்களில் காடு எரிந்திருந்ததால் சாம்பல் அணைக்குள் இறங்கிவிடும் என்று தண்ணிமேல் மிதவைத் தடுப்புகளைக் கட்டினார்கள். மார்ச் 1இல் முதல் கட்டத்துக்கு இறக்கினார்கள், மொத்தமாக எடுத்தது இப்போதுதான். எடுத்தாலும் ஹோஸ் முனையில் விசை மூக்கு வேண்டும். விரலை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் சாமான் அது. சிமெந்துத் தரையை ஹோஸ் பிடித்துக் கழுவவும் கூடாது.

தடை எடுத்ததும் இங்கே அதிகம் கெடுவது அந்த ஹோஸ்தான். மாசக்கணக்கில் சும்மா வெயிலில் கிடந்த ஹோஸில் ரப்பர் வாஷர் காய்ந்திருக்கும். குழாயைத் திறந்துவிட்டு விசையை மூடி அப்படியே போட்டுவிட்டால், உள்ளே நிற்கும் அமுக்கத்தில் இணைப்புக் கழன்று இரவு முழுக்க ஓடும். அதனால் மீட்டரைப் பார்த்துவிடுவது நல்லது. படுக்கப் போகும்போது எல்லாக் குழாயையும் மூடி எண்ணைக் குறித்து, யாரும் தண்ணி தொடாமல் இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்க்க வேண்டும். எண் நகர்ந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது கக்கூஸ் தொட்டி. அதில் கேசரிக் கலர் நாலு சொட்டு விட்டு, 15 நிமிடம் தண்ணி தள்ளாமல் விட்டால், பீங்கானில் கலர் இறங்குகிறதா என்று தெரியும். இறங்கினால் அடி ரப்பரை மாற்ற வேண்டும். குழாய் வினாடிக்கு ஒரு சொட்டு விட்டால்கூட நாளைக்கு 20 லீட்டர் வரை போகலாம்.

இனி நம் லைன். நம் ஊரில் யாரும் தடை அறிவிப்பதில்லை. தையில் ஊற்று இளைக்கும், மாசியில் பீலியில் விழும் தண்ணி விரல் மொத்தமாகும், பிறகு லயத்துக்கு லயம் முறை வைப்பீர்கள். சித்திரை மழை இறங்கியதும் முறை தானாக நின்றுவிடும். மேலே ஓடிப்போய் வால்வை ஒரேயடியாகத் திறக்கிற அந்த நாளில்தான் லைன் கெடுகிறது.

காய்ந்த பைப்புக்குள் இருப்பது காற்று. லைன் ஏறி இறங்கும் ஒவ்வொரு மேட்டிலும் அது தங்கிவிடும். தண்ணி வேகமாக வந்தால் காற்றை அமுக்கிக்கொண்டு போய்க் கீழ் மூட்டைப் பிய்க்கும். மெல்ல வந்தாலும் மேட்டில் காற்று அடைத்துக்கொண்டால், டேங்க் நிறைந்திருக்க, லயத்தில் ஒரு சொட்டும் விழாது. உடனே அடைப்பு என்று நினைத்துப் பைப்பை வெட்டுவார்கள். வெட்டி ஒட்டிய இடம்தான் அடுத்த ஒழுக்கு.

ஆகவே முதல் இரண்டு மழைத் தண்ணியை லைனில் விடவே வேண்டாம். ஊற்றுத் தொட்டியில் இலை, சேறு எல்லாம் அள்ளிக் கழுவி, பைப் மூக்கில் இருக்கிற சல்லடையைத் தேய்த்துப் போடுங்கள். பிறகு கீழ்க்கோடியில் இருக்கும் கழிவு வால்வையும் லயத்துக் குழாய்களையும் முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, மேல் வால்வைக் கால்வாசி மட்டும் திறக்க வேண்டும். கீழே முதலில் சீறும், பிறகு துப்பித் துப்பி வரும், பிறகு செம்மண் கலர். தெளிந்து ஒரே சீராக விழுந்த பிறகு கழிவு வால்வை மூடி, குழாய்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக மூடுங்கள். மெதுவாக மூடச் சொல்லுங்கள். சட்டென்று மூடினால் ஓடிவந்த தண்ணி திரும்பி இடிக்கும். கடைசியில்தான் மேல் வால்வை முழுக்கத் திறப்பது. 100 அடி இறக்கத்துக்கே மூன்று பார் அமுக்கம் வரும் என்பதால், 200 அடிக்கு மேல் இறங்கும் துண்டில் ஆறு பார் வரை தாங்கும் டைப் 600 பைப் போதாது, பத்து பார் தாங்கும் டைப் 1000 போட வேண்டும்.

கருப்பு டேங்கையும் அன்றைக்கே தேய்த்துக் கழுவுங்கள். 1000 லீட்டர் டேங்குக்கு, பக்கெட்டில் 65 சதவீதம் என்று போட்ட குளோரின் தூள் 75 கிராம். 30 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் 170 கிராம். பிளாஸ்டிக் வாளியில் தண்ணியை எடுத்து அதற்குள் தூளைப் போடுங்கள், தூள்மேல் தண்ணியை ஊற்றாதீர்கள். தெளிந்ததை டேங்கில் ஊற்றி, நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடி, 12 மணித்தியாலம் விட வேண்டும். அதுவரை யாரும் குடிக்கக்கூடாது. பிறகு முழுக்க வெளியேற்றி, மணம் போகும்வரை நல்ல தண்ணி விடுங்கள். மரக்கறிப் பாத்திக்கும் ஆற்றுக்கும் அந்தத் தண்ணி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூள் எவ்வளவு பழையது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ. ஐயாவிடம் கேட்பதும் நல்லது, திறந்து வைத்த தூளில் வீரியம் இறங்கிவிடும்.

கொரோனாவால் இப்போதைக்கு வர வழியில்லை. ஆனால் கார்கோ பெட்டியில், மேட்டில் பூட்டுகிற காற்று வால்வு இரண்டு வைக்கலாம் என்றிருக்கிறேன். பைப் மேல் எழுத்து அழிந்திருக்கும், ஆகையால் ஒரு நூலை ஒரு சுற்றுச் சுற்றி அளந்து எழுதுங்கள். 10 சென்ரிமீற்றர் வந்தால் 32 மில்லிமீற்றர் பைப், பன்னிரண்டரை வந்தால் 40. கோயில் திருப்பத்து மேட்டிலும், ஸ்டோருக்குப் பின்னால் உள்ள மேட்டிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டும் ஒரே பைப்பாக இருக்காது.

அன்புடன்
தம்பி