பிள்ளைகளின் முகப்பூச்சு பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தார்கள். நன்றாக ஓடக்கூடிய ஒரு பெண் மட்டும் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். "இல்ல டீச்சர், வேர்த்தா கிரீம் போயிடும். அம்மா திட்டுவாங்க" என்றாள். வயது 11. அந்தப் பதிலை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

லிப்ஸ்டிக் போட்டால் பெண் கெட்டுப்போவாள் என்று நான் சொல்லப்போவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் சில அப்பாக்கள் அப்படிப் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அம்மாவின் கண்ணாடி முன்னால் நின்று உதட்டில் தீட்டிப் பார்ப்பது குழந்தை விளையாட்டு. தீபாவளிக்கு நெயில் பாலிஷ், கல்யாண வீட்டில் கொஞ்சம் அலங்காரம், அதெல்லாம் இருக்கட்டும். என் கவலை, தினமும் காலையில் "நிறம் வரும்" என்று பூசிவிடுகிற கிரீமைப் பற்றியது. அதைப் பிள்ளை கேட்டு வாங்குவதில்லை. பெரும்பாலும் நாம்தான் பூசி அனுப்புகிறோம்.

ஏன் என்றும் எனக்குத் தெரியும். திருநெல்வேலியிலிருந்து வரும் அத்தையோ பெரியம்மாவோ வாசலில் கால் வைத்ததும் "என்ன, பொண்ணு இப்படிக் கறுத்துப் போயிட்டா?" என்பார்கள். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து இட்லி அவிக்கும் அம்மாவுக்கு, நாளைக்கு மகளுக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டுமே என்ற பயம். 1975-இல் கடைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-இல் தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. டப்பாவில் பெயர் மாறி இத்தனை வருடமாகியும் நம் வீடுகளில் பேச்சு அப்படியேதான் இருக்கிறது.

இப்போது அந்த கிரீம்களைப் பற்றி. சீக்கிரம் வெளுப்பாக்கும் என்று விற்கிற சில கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. அதனால்தான் முகம் வெளுத்தது போலத் தெரிகிறது. ஆனால் அது தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். பூசியவரோடு நிற்பதும் இல்லை. துண்டு, தலையணை வழியாக வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் போகும். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்து, ஒரே துண்டில் முகம் துடைக்கும் வீடுகள் நம்முடையவை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். அழகுப் பொருட்களில் பாதரசம் சேர்க்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் சொல்கின்றன. ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத டப்பாக்கள் கடைத்தெருவில் கிடைக்கத்தான் செய்கின்றன.

இன்னொன்று, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டியூப். அதில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. தோல் நோய்க்கு டாக்டர் பார்த்து, சில நாளைக்கு மட்டும் கொடுக்கும் மருந்து அது. 2018 முதல் இவற்றில் பலவற்றுக்கு டாக்டர் சீட்டு கட்டாயம். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து சிவக்கும், பரு வரும், கன்னத்தில் முடிகூட வளரும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகும். அதனால் நிறுத்தப் பயந்து திரும்பவும் பூசுவார்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் வாங்கும் பொருட்கள் பற்றியும் ஒரு வார்த்தை. சில ஒட்டுப் பொட்டுகளின் பசை சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் நெற்றியில் வெள்ளைத் தழும்பு விழும். அரிப்பு வந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். சில கண்மைகளிலும், கண்ணில் இடும் சுர்மாப் பொடியிலும் ஈயம் இருக்கும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

சரி, பள்ளியின் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு விழாவில் மேக்கப் போட வந்தவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வெளிர் நிறப் பூச்சைப் பூசினார். முப்பது பேருக்கு ஒரே லிப்ஸ்டிக், ஒரே மைக்குச்சி. ஒரு பிள்ளைக்குக் கண்வலி இருந்திருந்தால் அத்தனை பேருக்கும் ஒட்டியிருக்கும். கண்ணாடியைப் பார்த்த ஒரு சின்னப் பெண், "இப்பதான் டீச்சர் நான் நல்லா இருக்கேன்" என்றாள். நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். நின்று அவளிடம் பேசியிருக்க வேண்டும். இந்த வருடம் நடனத்துக்குப் பொட்டு, பூ, வளையல் போதும். குழு படத்தில் உயர வரிசைப்படிதான் நிற்பார்கள். நிறம் பார்த்து யாரையும் பின்னால் நிறுத்த மாட்டோம்.

பள்ளி நாட்களில் ஏழாம் வகுப்பு வரை கிரீமும் லிப்ஸ்டிக்கும் வேண்டாம். முகம் கழுவி, பொட்டு வைத்து அனுப்புங்கள். யாராவது பூசிக்கொண்டு வந்துவிட்டால் வகுப்பின் முன்னால் துடைக்கச் சொல்வதோ வெளியே நிறுத்துவதோ கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டிலும் அடிக்காதீர்கள். "கறுப்பி" என்று செல்லமாகக் கூப்பிடும் தாத்தாக்களிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள். வீட்டில் இருக்கும் கிரீம், மை, பவுடர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். தயாரித்தவரின் முகவரி, உரிம எண், காலாவதித் தேதி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து படித்துப் பார்ப்போம். ஆங்கிலம் படிக்க வராதே என்று யாரும் தயங்க வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்துச் சொல்வார்கள். அம்மாக்களை மட்டும் அனுப்பாமல் அப்பாக்களும் வர வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியை
தாராவி, மும்பை