தெற்கு ஸ்பெயினுக்கு ஐப்பசியில் ஒரு சிறு பயணம்: ஏன் மூன்றே ஊர்கள்?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் மூன்றாம் வாரக் கடைசியில் தெற்கு ஸ்பெயினுக்குச் சிறு குழுவாகப் போகிறோம் என்று சொன்னதிலிருந்து பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "அவ்வளவு தூரம் போய்விட்டு பார்சிலோனா பார்க்காமல் திரும்புவதா? ஏழு இரவுக்கு மூன்றே ஊரா?" நியாயமான கேள்விதான்.

முதலில் பருவத்தைச் சொல்லிவிடுகிறோம். ஆண்டலூசியா என்னும் அந்தத் தென்பகுதியில் ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அக்டோபரில் பகல் வெப்பம் 25 டிகிரியை ஒட்டி வந்துவிடும், நாள் முழுக்க நடக்கலாம். புரட்டாசி விரதம் இருப்பவர்களும் அதை முடித்த கையோடு கிளம்பலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதுவரை விடிவதே காலை எட்டரை மணி வாக்கில்தான். ஆகவே ஆறு மணிக்கு எழுப்பி பஸ்ஸில் ஏற்ற மாட்டோம்.

மாட்ரிட்டில் இறங்கி, அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் கோர்தோபா. அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் செவில். பிறகு பஸ்ஸில் கிரனாடா. திரும்புவது மலாகா விமான நிலையம் வழியாக. வந்த வழியே மாட்ரிட் திரும்பினால் அதற்கே ஒரு பகல் போய்விடும்.

இந்தத் திட்டம் முழுவதையும் கிரனாடாவின் அல்ஹம்ப்ரா கோட்டையை வைத்துத்தான் போட்டிருக்கிறோம். அதன் உள்ளே உள்ள நஸ்ரித் வம்ச மன்னர்களின் அரண்மனைகளுக்கு நேரம் குறித்த சீட்டு உண்டு. அந்த நேரம் தவறினால் உள்ளே விட மாட்டார்கள். சீட்டு ஒவ்வொருவரின் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணிலும் இருக்கும், வாசலில் அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். எடுத்த பிறகு "எனக்குப் பதில் தம்பி வருவான்" என்றால் நடக்காது. இலையுதிர் காலத்திலும் பல வாரங்களுக்கு முன்பே சீட்டுகள் தீர்ந்துவிடுகின்றன. அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் உங்கள் விவரங்களைக் கேட்கிறோம். 1492 ஜனவரி 2 அன்று கிரனாடாவின் கடைசி முஸ்லிம் மன்னர் கிறிஸ்தவ அரசர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போன அரண்மனை இது. சுவர் முழுக்கச் செதுக்கிய எழுத்துகளையும் சிங்க முற்றத்தையும் ஓட்டமாகப் பார்ப்பது வீண். அரை நாளாவது வேண்டும்.

கோர்தோபாவின் பெரிய மசூதியும் அப்படித்தான். 785-இல் தொடங்கி, பல தலைமுறைகளாக விரித்துக் கட்டினார்கள். 1236-க்குப் பிறகு அது தேவாலயம். பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து கொண்டுவந்த தூண்கள் உயரம் போதாததால், வளைவின் மேல் இன்னொரு வளைவு வைத்துக் கூரையை உயர்த்தியிருக்கிறார்கள். சிவப்பும் வெள்ளையுமாக அந்த வரிசைகளுக்குள் நின்று பார்க்க நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஞாயிறு காலையில் அங்கே பூசை நடக்கும் என்பதால் வேறு நாளில் போகிறோம். செவிலில் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பேராலயத்தின் மணிக்கோபுரமான கிரால்டாவில் படிகளுக்குப் பதில் சரிவுப் பாதை, கடைசியில் மட்டும் சில படிகள்.

மலையிடுக்கின் மேல் பாலம் நிற்கும் ரோண்டாவை விட்டது எங்களுக்கே மனமில்லாமல்தான். சேர்த்தால் கிரனாடாவில் ஒரு மாலை போய்விடும். அல்ஹம்ப்ராவை எதிர்மலையிலிருந்து அந்தி வெளிச்சத்தில் பார்க்கும் மாலை அது.

அப்புறம் சாப்பாடு. அங்கே மதிய உணவு இரண்டு மணிக்கு, இரவு உணவு ஒன்பதை ஒட்டி. நடுவில் பல உணவகங்களில் சமையலறை மூடியிருக்கும். கையில் கொறிக்க ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். சைவர்கள் பயப்பட வேண்டாம். செவிலில் கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டுச் சமைப்பது ஊர்ப் பதார்த்தம், நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். கோர்தோபாவில் தக்காளியும் ரொட்டியும் பூண்டும் அரைத்த குளிர்ந்த சால்மொரேஹோ. அதன் மேல் பன்றி இறைச்சித் துண்டும் முட்டையும் தூவுவார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்ல வேண்டும். காய்கறி என்று எழுதியிருக்கும் தட்டிலும் அந்தத் துண்டுகள் வரலாம். "இறைச்சி, மீன், பன்றி இறைச்சி எதுவும் வேண்டாம்" என்று ஸ்பானிஷில் அச்சிட்ட அட்டையை ஒவ்வொருவருக்கும் தருகிறோம்.

விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாதான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்ல வேண்டும். புதுப்பிக்க வேண்டியவர்கள் முதலில் அதை முடித்துவிடுங்கள், எண் மாறினால் அல்ஹம்ப்ரா சீட்டும் சிக்கலாகும்.

கிரனாடா உயரத்தில் இருப்பதால் இரவில் 10 டிகிரி வரை இறங்கும். ஒரு ஸ்வெட்டரும், கல் பாவிய தெருக்களுக்குப் பழகிய ஷூவும் போதும்.

வர விரும்புவோர் பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்க நகலை இந்த மாதக் கடைசிக்குள் அலுவலகத்தில் கொடுங்கள். சைவமா, அசைவமா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பயண அலுவலகத்தார்