சுவரைக் கொத்த விடாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருந்தெரு அயலவர்களுக்கும் உதவிய ஏனையோருக்கும் வணக்கம்.

அம்மப்பா கட்டிய எங்கள் வீட்டின் மண்டபத்தில், முன்னர் வாடகைக்கு இருந்தவர்கள் ஒட்டியிருந்த வோல்பேப்பரைப் பங்குனி மாதத்தில் உரித்தெடுத்தோம். தாள் போயிற்று, பசை போகவில்லை. கூலிக்கு வந்த ஒருவர் அதைக் கழுவாமலேயே மேலே இமல்சன் பெயின்ற் அடித்தார். பெயின்றின் ஈரத்தை உறிஞ்சி ஊதிய பசை, காயும்போது சுருங்கிப் பெயின்றையும் கூடவே இழுத்ததால், பத்தே நாளில் அது வற்றிய குளத்துச் சேறுபோல வெடித்துச் செதில் செதிலாக விழுந்தது. சாந்து முழுவதையும் கொத்தி இறக்கிவிட்டுச் சீமெந்து பூசவேண்டும் என்று அவர் சொன்னார், நாங்களும் தலையாட்டிவிட்டோம்.

அந்த வேலை தொடங்குவதற்கு முதல்நாள் தற்செயலாக வந்த மேசன் ஐயாவுக்கே என் முதல் நன்றி. அவர் விரல் மூட்டால் சுவரை நாலைந்து இடத்தில் தட்டிப் பார்த்தார். எங்கும் பொள்ளல் சத்தம் கேட்கவில்லை. பிறகு உள்ளங்கையை நனைத்துச் சுவரில் தேய்த்து, என் கையையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். வெண்டிக்காயை நறுக்கிய கைபோல வழவழத்தது. "சுவரில ஒரு குறையும் இல்லைத் தம்பி, பசையிலதான் குறை" என்றார். பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கி வெளியே விடும் என்பதையும், அதன்மேல் சீமெந்து பூசினால் அந்த ஈரம் உள்ளேயே அடைபடும் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். வினாகிரி பூசினால் பசை கழன்றுவிடும் என்று நான் கேள்விப்பட்டதைச் சொன்னபோது, ஒரு மூலையில் சில துளிகளை விடச் சொன்னார். சுண்ணாம்பு நுரைத்தது. போத்தலை மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த நன்றி பக்கத்து வீட்டு இரசாயனவியல் ரீச்சருக்கு. மண்டபத்துச் சுவர் வெந்நீருக்கு இளகியபோதும், உள்ளறைச் சுவர் மட்டும் எவ்வளவு சூடான நீருக்கும் மசியவில்லை. அவர் காயத்துக்குப் போடும் அயடீனில் தண்ணீர் கலந்து இரண்டு இடத்திலும் தொட்டு வைத்தார். மண்டபத்தில் கருநீலமாக மாறியதால் அது மாவுப் பசை என்பது தெளிவாயிற்று. உள்ளறையில் நிறம் மாறவேயில்லை. அது மெதைல் செலுலோசுப் பசையாக இருக்கலாம் என்றும், அது குளிர்ந்த நீரில் கரைந்து, கொதிநீரில் கூழாக இறுகும் இயல்புடையது என்றும் விளக்கினார். விறகு எரித்துக் கொதிக்கக் கொதிக்கத் தூக்கிப் போனதெல்லாம் வீண் உழைப்பு! கிணற்று நீரால் நனைத்ததும் இளகத் தொடங்கியது. மண்டபத்துக்கு மட்டும், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் எங்கள் வளவுக்குள் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியது உண்மை.

நீர் சுமந்த தம்பிமாரை எப்படி மறப்பேன்? மின்சாரத்தின் பிரதான ஆளியை அணைத்து, கீழே சாக்கு விரித்து, ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் நனைத்து, கால்மணி நேரம் பொறுத்து, மழுங்கிய அகலத் தகட்டைச் சாய்த்துப் பிடித்து வழித்து, பிறகு பஞ்சால் துடைத்து, வாளி நீர் கலங்கும்போதெல்லாம் மாற்றி, மறுபடியும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, வழவழப்பு அற்ற பின்பே அடுத்த இடத்துக்குப் போவது என்ற ஒழுங்கை நான்கு நாளும் அவர்கள் ஒருமுறையேனும் தவறவிடவில்லை. பொறுமையிழந்து தகட்டை நிமிர்த்திப் பிடித்தவன் நான்தான். சன்னலுக்குக் கீழே உள்ள மூன்று வடுக்களும் என் கைவண்ணம்.

ஈரச் சுவர் உலரும்வரை மேசன் ஐயா எதையும் பூச விடவில்லை. கச்சான் காற்று அந்த வேலையைச் செய்து தந்தது. மாரியில் தொடங்கியிருந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கும். இப்போது இரண்டு முறை சுண்ணாம்பு அடித்திருக்கிறோம், ஒரு செதிலும் விழவில்லை.

மாமி தந்த இரண்டு வாளிகளையும் வரும் சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். ஒன்றின் பிடி உடைந்துவிட்டது, புதியது போட்டிருக்கிறேன். குறை நினைக்க வேண்டாம்.

மிக்க நன்றியுடன்,
பெருந்தெரு, திருகோணமலை.