திரை கட்டும் முன்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. ஏற்காட்டில் மொட்டை மாடியில், இரவில் விளக்குக்கு வரும் அந்துப்பூச்சிகளைப் பார்க்கத் திரை கட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். மாடி வேண்டாம்; கீழே, மரங்களைப் பார்த்தபடி கட்டு.

நாலு முழ வெள்ளை வேட்டி போதும். சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, அடியில் ஓரடித் துணியைத் தரையில் விரித்துக் கல் வை. இதில் சோம்பல் கூடாது. 2024இல் வந்த ஓர் ஆய்வு அதிவேகக் கேமராவில் பார்த்துச் சொன்னது: பூச்சிகள் விளக்கை நோக்கிப் பாய்வதில்லை, முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்புகின்றன. வெளிச்சம் என்றால் மேலே வானம் என்று பழகிய உடம்பு. விளக்கு பக்கவாட்டில் இருந்தால் சுற்றும். கீழேயிருந்து மேல்நோக்கி எரிந்தால் மல்லாந்து விழும். விழுவது புல்லுக்குள் போனால் உன் காலில்தான் மிதிபடும். அரளி தின்னும் ஹாக் மாத் என்ற பெரிய அந்துப்பூச்சியும் பழ ஈயும் இந்த ஆட்டத்துக்கு வரவில்லையாம், கெட்டிக்காரப் பூச்சிகள்!

பல்பு 160 வாட் மெர்குரி, சோக் வேண்டாத வகை. திரைக்கு ஓரடி முன்னால் தொங்கவிடு. மழைத்துளி பட்டால் சூடான கண்ணாடி வெடிக்கும். வெளிக்கண்ணாடி விரிசல் கண்டால் உடனே அணை. கண்ணைக் கெடுக்கும் புற ஊதாக் கதிரைத் தடுப்பது அதுதான். கரண்ட் போய் வந்தால் பல்பு ஆறும்வரை சில நிமிடம் எரியாது. கெட்டுவிட்டதென்று கழற்றப் போய்க் கையைச் சுட்டுக்கொள்ளாதே. எல்இடி வாங்குவதானால் ஒளியின் அலைநீளம் 365 நானோமீட்டரா என்று பார். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 395. அதற்குப் பூச்சிகள் குறைவாகத்தான் வரும்.

அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத புழுக்க இரவாகப் பார்த்துக்கொள். பெரிய ஹாக் மாத்துகள் நள்ளிரவை ஒட்டித்தான் வரும், பத்து மணிக்கே மூட்டை கட்டிவிடாதே.

படத்தை நேர் மேலிருந்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடு. பழம் துளைக்கும் யூடோசிமா அந்துப்பூச்சி உட்கார்ந்தால் மெல்லத் தொடு. மூடியிருக்கும் மஞ்சள் பின்னிறகைக் காட்டினால்தான் இனம் பிடிபடும். சின்னவை பலவற்றுக்குப் படம் போதவே போதாது. வயிற்றுப் பகுதியை 10 சதவீதக் காஸ்டிக் பொட்டாஷில் சூடாக்கி, சதை கரைந்தபின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். அதிக நேரம் விட்டால் உறுப்பே நிறமிழந்து துவண்டுவிடும். நீ அதில் இறங்காதே, இனம் வரை போகாமல் பேரினப் பெயரோடு நிறுத்து. ஊகித்து எழுதிய பெயரால் பட்டியலே கெடும்.

விடியும் முன் விளக்கை அணைத்து, பூச்சிகளைப் புதருக்குள் உதறிவிடு. கரிச்சான் ஒருமுறை கண்டுகொண்டால் மறுநாளும் காலையில் பந்திக்கு வந்து நிற்கும்.

படங்களை அனுப்பும்போது தேதி, நேரம், இடத்தின் உயரம் மூன்றையும் எழுது.

அன்புடன்,
ராகவன்