சங்கிலியை அறுத்தவருக்கும் மற்றவர்களுக்கும்

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து மக்களுக்கும், கீழ் டிவிஷன்காரர்களுக்கும், பெயர் கேட்க மறந்துபோன இன்னும் சிலருக்கும் வணக்கம்.

2025 நவம்பரில் டித்வா புயல் அடித்து மூன்றாம் நாள் என் தங்கச்சியை ஹெலிகொப்டரில் ஏற்றி அனுப்பினோம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று மிட்வைப் மிஸ் முந்தின இரவே சொல்லிவிட்டார். அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடிக்க போனில் சிக்னல் இல்லை. அடித்திருந்தாலும் அம்புலன்ஸ் வரப் பாதை இல்லை, இரண்டு இடத்தில் மண் சரிந்து கிடந்தது. அந்தச் சேற்றைத் தாண்டி நடந்தே போய் இராணுவ முகாமில் விஷயத்தைச் சொன்ன கிராம சேவகர் ஐயாவுக்கு முதல் நன்றி. விமானப்படைப் பிள்ளைகளுக்கு ஊரே நன்றி சொல்லிவிட்டது, நானும் சொல்கிறேன். ஆனால் அவர்கள் இறங்க ஓர் இடம் வேண்டுமே!

எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் சரிவு, தேயிலை. சமதரை என்றால் அமைச்சர்மார் வந்து இறங்கக் கட்டிய அந்த ஹெலித் தளம் மட்டும்தான். 'அனுமதியின்றி உட்பிரவேசிக்கத் தடை' என்று மும்மொழியிலும் பலகை. கேட்டுக்குச் சங்கிலி. சாவியோ டவுனில் ஒரு கந்தோரில். எங்கள் பையன்களின் கிரிக்கெட் பந்துகளை இத்தனை வருஷமாகப் பறித்து வைத்திருக்கும் வாச்சர் அண்ணன்தான் அன்று இரும்பறுக்கும் வாளை எடுத்து வந்தார். "வேலை போனால் கவ்வாத்து வெட்டப் போறேன், விடுங்க" என்றார்.

மற்றதெல்லாம் பட்டாளத்தில் இருந்து வந்த கீழ் டிவிஷன் மாமாவின் வேலை. கூரைத் தகரங்களில் கல் ஏற்றச் சொன்னார். கொடியில் கிடந்த துணி, படங்கு, உரச்சாக்கு ஒன்று விடாமல் எடுக்க வைத்தார். விசிறிக் காற்றில் அதெல்லாம் எழும்பிப் போய்ச் சிக்கினால் ஹெலியே விழுந்துவிடுமாம். காற்று எந்தப் பக்கம் என்று பைலட்டுக்குத் தெரிய ஒரு கம்பில் பழைய சிவப்புச் சேலையைக் கட்டினார். காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் இறங்குவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

இரண்டு முறை மூடுபனிக்கு மேலே சத்தம் வந்து திரும்பிப் போனது. தங்கச்சி என் கையை விடவே இல்லை. பத்து மணி போலப் பனி விலகியதும் இறங்கினார்கள். நாங்கள் மேட்டுப் பக்கமாக ஓடப் பார்த்தோம். மாமா கத்தினார்: "மேட்டில் வந்தால் விசிறி தலைக்கு நேரே சுத்தும், பள்ளத்துப் பக்கம் வாங்க! வால் பக்கம் போகவே வேணாம்!" மூங்கிலில் சாக்கு கட்டித் தூக்கிய ஆறு பேரும் குனிந்தபடியே அப்படிச் சுற்றி வந்தார்கள்.

தாயும் மகளும் சுகமாக வீடு வந்துவிட்டார்கள். கேட்டுக்குப் புதுச் சங்கிலி போட்டாயிற்று. வாச்சர் அண்ணனின் வேலை போகவில்லை. பந்தும் இன்னும் திரும்பவில்லை.

அப்புறம், தங்கச்சியைப் போர்த்தி அனுப்பிய சிவப்புக் கரைக் கம்பளி யாருடையது? ஆஸ்பத்திரியில் இருந்து பத்திரமாகக் கொண்டுவந்து, துவைத்துக் காயவைத்திருக்கிறோம். வந்து எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போகலாம்.