‘புதுச் சிற்றினம்’ என்று ஒப்புதல் தருமுன்: முனைவர் பட்ட ஆய்வேடுகளை மதிப்பிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே,

நெல்வயல் சேற்றில் பிரித்தெடுத்த, காற்றில்லா இடத்தில் வளரும் குளோஸ்ட்ரிடியம் பாக்டீரியாவுக்குப் புதுப்பெயர் சூட்டும் ஆய்வேடு வந்தால், உறவுமுறை காட்டும் 16எஸ் (ரைபோசோம் ஆர்என்ஏ) மரபணு மரத்தைப் புரட்டுமுன், வளர்ப்பில் வேறு பாக்டீரியா கலக்கவில்லை என்று காட்டும் தூய்மைச் சோதனை இருக்கும் பக்கத்தைத் தேடுங்கள். அது இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

மண்கரைசலை 80 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சூடாக்கினால், வெப்பம் தாங்கும் வித்து (ஸ்போர்) உண்டாக்குபவை மிஞ்சும். ஆனால் பேசில்லஸும் பேனிபேசில்லஸும்கூட வித்து உண்டாக்குபவைதாம். அவற்றில் பல காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளரும். குழாய்க்குள் கசியும் ஆக்சிஜனை இப்படி உடன் கலந்து வளரும் கூட்டாளி தின்றுவிடுவதால், ஆக்சிஜன் பட்டால் இளஞ்சிவப்பாகும் ரெசசூரின் சாயம் நிறமற்றே நிற்கும், குளோஸ்ட்ரிடியமும் செழிக்கும். கூட்டாளியைப் பிரித்தவுடன் வளர்ச்சி நின்றுபோகும். ‘வளர்க்கக் கடினமான ஸ்ட்ரெயின்’ (தனித்துப் பிரித்த வளர்ப்பு வகை) என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

உருகிய அகரில் தொடர் நீர்த்தல் செய்து, தனிக் காலனியை எடுத்து, அதையே மறுபடி நீர்த்திருக்க வேண்டும். குறைந்தது மூன்று சுற்று. ஊடகத்தில் லிட்டருக்கு ஆக்சிஜனை நீக்க 0.5 கிராம் சிஸ்டெயின், 1 மில்லிகிராம் ரெசசூரின். மேலே நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் 80:20. அடைப்பான் பியூட்டைல் ரப்பராக இருக்கட்டும், மற்ற ரப்பர்கள் ஆக்சிஜனை எளிதில் உள்ளே விடும். இளஞ்சிவப்பு தட்டிய குழாயின் முடிவு கணக்கில் சேராது. பிறகு அதே வளர்ப்பைக் குளுக்கோஸ், ஈஸ்ட் சாறு கலந்த ஊடகத்தில் காற்றுப்பட வைக்க வேண்டும்; அங்கே கலங்கினால் வளர்ப்பு தூய்மையில்லை என்று சந்தேகிக்க வேண்டும். கிராம் சாயமேற்றலுக்கு இளம் வளர்ப்பையே எடுத்தார்களா என்றும் கேளுங்கள். கிராம்-நேர் வகையான குளோஸ்ட்ரிடியம், பழசானால் கிராம்-எதிர் போலத் தெரியும்.

இனி மரபணு. நெருங்கிய சிற்றினத்தோடு 16எஸ் ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதுச் சிற்றினம் என்று சொல்ல இடமுண்டு. மேலே இருந்தால் பழையதுதான் என்று முடிவுகட்டிவிட முடியாது; முழு மரபணுத்தொகுதியில் சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை 95–96, டிஜிட்டல் டிஎன்ஏ கலப்பு (கணினியில் கணக்கிடும் டிஎன்ஏ ஒற்றுமை) 70 சதவீதம் என்ற எல்லைகளுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளோஸ்ட்ரிடியத்தின் ஒரே செல்லில் 16எஸ் பிரதிகள் பத்துக்கு மேல் இருக்கலாம், அவை தமக்குள்ளும் சற்று வேறுபடும். ஆகவே ஒற்றை வரிசையை நம்ப வேண்டாம். ஒப்பீடும் தரவுத்தளத்தின் முதல் பொருத்தத்தோடு நின்றுவிடக் கூடாது. நெருங்கிய சிற்றினங்கள் எல்லாவற்றின் வகைமாதிரி ஸ்ட்ரெயின்களோடும் (சிற்றினப் பெயருக்கு அடையாளமாக வைக்கப்பட்டவை) இருக்க வேண்டும். பேரினமும் அவ்வளவு எளிதல்ல. குளோஸ்ட்ரிடியம் பியூட்டிரிக்கத்தைச் சுற்றியுள்ள குழுவுக்கே அந்தப் பேரினப் பெயர் பொருந்தும் என்ற கருத்து வலுத்துவிட்டது. 2016-இல் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசிலே, குளோஸ்ட்ரிடியாய்டிஸ் என்ற வேறு பேரினத்துக்கு மாறியது.

வகைமாதிரி ஸ்ட்ரெயினை இரு நாடுகளில், இரு பொது சேமிப்பகங்களில், யாரும் கேட்டுப் பெறும்படி வைக்க வேண்டும் என்பது சர்வதேசப் பெயரிடல் நெறி. வெளிநாட்டுக்கு அனுப்ப, சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளும் உண்டு. தூய்மை உறுதியான அன்றே இந்த வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். பலர் எழுதி முடித்த பிறகே நினைத்துப் பார்க்கிறார்கள்.

இரண்டு சேமிப்புச் சான்றிதழ்களும் இல்லாத ஆய்வேட்டில் லத்தீன் பெயரை நீக்கி, ஸ்ட்ரெயின் எண்ணை மட்டும் தலைப்பில் வைக்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
காற்றில்லா மண் பாக்டீரியா ஆய்வில் பணிபுரிவோர்